ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பு: படூர் ஆடு வளர்ப்போர் கோரிக்கை மனு

அனுப்புநர்: படூர் சுற்றுவட்டார ஆடு வளர்ப்போர் சங்கம், திருப்போரூர் ஒன்றியம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், செங்கல்பட்டு.

நகல்: கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநர், தலைமை வன உயிரினக் காப்பாளர், சென்னை.

பொருள்: ஆட்டுக்கொல்லி நோய்க்கு விடுபடாமல் தடுப்பூசி போடவும், வரையாடுகளைக் காக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆடு மூக்கடைத்து, கண்ணில் பீளை தள்ளி, தழையை முகர்ந்துவிட்டுத் தின்னாமல் விலகி நின்றால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். வாயைப் பிளந்து பார்த்தால் ஈறெல்லாம் புண், அடுத்துக் கழிச்சல், சில நாளில் மூச்சுத் திணறிச் சாகும். வைரஸால் வரும் இந்த நோயைக் குணப்படுத்த மருந்தில்லை, முன்கூட்டிப் போடும் ஊசியே காப்பு. இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டதே நம் பக்கத்தில்தான்: 1987இல், விழுப்புரம் அருகே அரசூரில். அந்த அரசூர் வைரஸைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது.

இந்நோய் பட்டியோடு நிற்பதில்லை. ஈரான், பாகிஸ்தான் மலைகளில் காட்டாடுகள் இதனால் செத்திருக்கின்றன. மங்கோலியாவில் 2016 இறுதியில் தொடங்கி, வளர்ப்பு ஆடுகளிடமிருந்து தொற்றி, ஆயிரக்கணக்கான சைகா மான்கள் மடிந்தன. நம் மாநில விலங்கான வரையாடு, 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031தான். முக்குருத்தியிலும் ஆனைமலையிலும் பாறை முகட்டில் மேயும் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட முடியாது. அடிவாரத்து ஆடுகளுக்குப் போடலாம். கடலோரப் படூருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். ஆடு சந்தை சந்தையாகக் கைமாறுவது. பக்ரீத் சமயத்தில் வெளிமாநில ஆடுகளும் லாரியில் வந்திறங்குகின்றன. எந்தப் பட்டியின் நோய் எங்கே போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே படூர், கேளம்பாக்கம், தையூர், சிறுசேரி ஊர்களில் நான்கு மாதம் நிறைந்த குட்டி ஒன்றுகூட விடுபடாதபடி முகாம் நடத்தி, தேதியை ஊராட்சி மூலம் முன்னதாகவே அறிவிக்க வேண்டுகிறோம். மருந்து பனிக்கட்டிப் பெட்டியில் குளிர் கெடாமல் வர வேண்டும். குளிர் கெட்ட ஊசி போட்டும் போடாததற்குச் சமம். செத்த ஆடுகளை ஏரிக்கரையில் வீசாமல் சுண்ணாம்பிட்டுப் புதைக்க இடம் ஒதுக்க வேண்டும். வரையாட்டு மலைகளின் அடிவாரக் கிராமங்களில் வனத்துறையும் கால்நடைத் துறையும் சேர்ந்து தடுப்பூசி போடவும், இறந்து கிடக்கும் வரையாடுகளின் மாதிரிகளை வண்டலூர் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம் வழியே பரிசோதிக்கவும் அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

மாட்டு வெக்கை நோய் 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதைச் சாதித்ததில் பெரும்பங்கு தடுப்பூசிக்கு. ஆட்டுக்கொல்லியை ஒழிக்க உலக நாடுகள் வைத்துள்ள கெடு 2030. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முதல் முகாமைப் படூரில் தொடங்கி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள், உறுப்பினர்கள்
படூர்