தாய்ச்சி சண்டைக்கு உதவுமா?

சீனாவில் அதிகாலைப் பூங்காக்களில் ஒரு காட்சியைக் காணலாம். வயதானவர்கள் வரிசையாக நின்று, தண்ணீருக்குள் நடப்பது போல மெல்லக் கைகால்களை அசைப்பார்கள். அதுதான் தாய்ச்சி.

உடம்புக்கு அது நல்லது. முதியவர்கள் தடுக்கி விழுவது குறைகிறது என்று மருத்துவ ஆராய்ச்சிகள் கூறுகின்றன. ஆனால், ஒருவன் ஓங்கிக் குத்த வந்தால்?

2017 ஏப்ரலில் செங்டு நகரில் அது தெரிந்தது. தாய்ச்சி ஆசிரியர் வெய் லெய் மீது, கலப்புச் சண்டை வீரர் சூ சியாவ்டோங் பாய்ந்தார். அரை நிமிஷம் கூட ஆகவில்லை. ஆசிரியர் தரையில் கிடந்தார்!

நாட்டின் கலையை அவமதித்துவிட்டார் என்று சூவைத் திட்டித் தீர்த்தார்கள். இது என்ன நியாயம்? அடித்தவரைத் திட்டினால் விழுந்தவர் ஜெயித்துவிடுவாரா?

அதற்காகத் தாய்ச்சியை வெறும் ஆட்டம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1954 ஜனவரியில், ஹாங்காங் தீ விபத்தில் வீடிழந்தவர்களுக்கு நிதி திரட்ட மக்காவ் நகரில் ஒரு சண்டை நடந்தது. ஐம்பது வயதைக் கடந்த தாய்ச்சி ஆசான் வூ குங்யி, வெண்கொக்கு முறை வீரர் சான் ஹாக்-பூவுடன் மோதினார். சான் இளையவர். அவருடைய மூக்கில் ரத்தம் கொட்டியது! இரண்டாம் சுற்றிலேயே நடுவர்கள் சண்டையை நிறுத்தினார்கள். வெற்றி, தோல்வி, சமம் எதுவும் இல்லை என்பது அவர்கள் தீர்ப்பு. (விசித்திரமான தீர்ப்புத்தான்!)

இன்று பல தாய்ச்சிப் பள்ளிகளில் எதிராளியே கிடையாது. காற்றோடுதான் சண்டை. உடற்பயிற்சி என்று சொல்லிக் கற்றுக்கொடுத்தால் யாரும் குறை கூறமாட்டார்கள். தற்காப்புக் கலை என்று பலகை மாட்டிப் பணம் வாங்குகிறவர்கள், வாரத்தில் ஒரு நாளாவது மாணவர்களைக் கையுறை மாட்டி மோதவிட வேண்டும். முடியாது என்றால், பலகையை மாற்றி எழுதட்டும்.