முதிர்வு நாளும் பயண நாளும்

கடந்த ஆண்டு மார்ச் மாதத்தில், எமது கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர்களான மூத்த தம்பதியர் என்னைக் காண வந்தனர். மொராக்கோ நாட்டின் அகாதிர் நகரக் கடற்கரையில், மே மாதம் ஒரு வாரம் தங்கிவர அவர்கள் விரும்பினர். அதற்காக, ஓய்வுக்காலப் பணத்தில் இட்டிருந்த நிரந்தர வைப்பை முன்கூட்டியே முடிக்க வேண்டுமென்றனர். அது முதிர இன்னும் ஆறு மாதங்கள் இருந்தன. "வைப்பை முடிப்பது நட்டமெனில், தனிநபர் கடனாவது தாருங்கள்" என்றார் கணவர்.

கடன் வழங்குவது எமது தொழில். ஆயினும் விடுமுறைக்குக் கடன் ஆகாது என்பதே என் உறுதியான கருத்து. வீட்டுக்கும் கல்விக்கும் பெறும் கடன், தவணை தீர்ந்த பின்னும் பயன் தந்து நிற்கும். ஒரு வார விடுமுறையோ முடிந்துவிடும். தவணை மட்டும் ஆண்டுக்கணக்கில் தொடரும்.

இதைச் சொன்னபோது அம்மையார் கேட்டார்: "நடக்கக் கால் இருக்கும்போதே போய்வர வேண்டாமா, சார்? வட்டிக்காக நாங்கள் காத்திருக்கலாம், வயது காத்திருக்குமா?"

அக்கேள்வி நியாயமானது. சேமிப்பு வாழ்வதற்காகவே. எனவே, "போகாதீர்கள்" என்று நான் கூறவில்லை. நாளை மட்டும் மாற்றச் சொன்னேன். அகாதிர் அட்லாண்டிக் கரையில் உள்ளது. குளிர்ந்த கானரி நீரோட்டத்தால் மே மாதத்தில் அங்குக் கடல்நீர் சில்லென்றிருக்கும். கோடை முழுதும் வெயில் பெற்ற பின், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் நீர் சற்று இதமாகும். வைப்பு முதிரும் காலமும் அதுவே. இருவரும் இசைந்தனர்.

நம்மில் பலர், விமானக் கட்டணச் சலுகையைக் கண்டவுடன் பயணத்தைத் திட்டமிடத் தொடங்குகிறோம். திட்டம் வைப்புச் சான்றின் முதிர்வு நாளிலிருந்து தொடங்க வேண்டும். வைப்பு இல்லாதோர், ஓராண்டுக்கு முன்பே தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கலாம். பயண நிறுவனத்தின் தொகுப்புச் சுற்றுலாவாயின், கட்டணத்துடன் மூலத்தில் வசூலிக்கப்படும் வரியையும் சேர்த்துக் கணக்கிடுக. அவ்வரியை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்து கொள்ளலாம் எனினும், முதலில் கையிலிருந்தே செலுத்த வேண்டும்.

அடுத்தது நாணயம். மொராக்கோவின் திர்ஹாமை அந்நாட்டுக்குள் கொண்டுசெல்லவும் வெளியே எடுத்துவரவும் கட்டுப்பாடு உண்டு. ஆகவே யூரோவோ டாலரோ கொண்டுசென்று அங்கே மாற்றுவதே வழி. பொதுவாக ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் வரை நாணயத்தாள்களாகப் பெறலாம். சூக் எல் ஹத் போன்ற சந்தைகளில் ரொக்கமே பெரிதும் புழங்குகிறது. உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு இயக்கப்பட்டுள்ளதா என்பதைப் புறப்படுமுன் சரிபார்க்கவும். அங்குள்ள அட்டை இயந்திரம் "ரூபாயிலா, திர்ஹாமிலா" என்று கேட்டால், திர்ஹாமையே தேர்க. ரூபாய் என்றால், மாற்று விகிதத்தில் கூடுதல் தொகை இழக்க நேரும்.

மூன்றாவது காப்பீடு. 1960 பிப்ரவரி 29 இரவு, சில விநாடிகளே நீடித்த நிலநடுக்கத்தில் அகாதிர் தரைமட்டமாயிற்று. பல்லாயிரம் உயிர்கள் மாண்டன. இன்று நாம் காணும் நகரம், பழைய இடத்துக்குத் தெற்கே புதிதாக எழுப்பப்பட்டது. எதிர்பாராதது எங்கும் நிகழும். மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு பெறும்போது, சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றை மறைக்காது தெரிவிக்க வேண்டும். மறைத்தால், தேவைப்படும் நேரத்தில் இழப்பீடு மறுக்கப்படலாம்.

அத்தம்பதியர் அக்டோபரில் சென்று நலமே திரும்பினர். கடன் இல்லை, வட்டி இழப்பும் இல்லை. ஆயினும் அம்மையார் என் மேசைமீது சில திர்ஹாம் தாள்களை வைத்து, "இவற்றை என்ன செய்வது, சார்?" என்று சிரித்தார். அவற்றை மாற்றித்தர எமது கிளையில் வசதி இல்லை. நாணயம் மாற்றிய இரசீதைப் பத்திரப்படுத்தி, மிஞ்சியதை அங்குள்ள விமான நிலையத்திலேயே திருப்பி மாற்றும்படி கூற மறந்தது என் தவறே. வாசகர்களுக்கு இப்போதே கூறிவிடுகிறேன்: இரசீதைத் தொலைக்காதீர்கள்.