பிரம்பு அறுந்த நாற்காலிகள்



ஸஹனைச் சுற்றித் தரையில் அமர்ந்து உண்ட நம் இல்லங்களில் இன்று சாப்பாட்டு மேசை இடம்பிடித்துவிட்டது. அதைக் குறை கூற நான் வரவில்லை. முழங்கால் வலியால் வாடும் முதியோருக்கு நாற்காலியும் ஒரு நிஃமத்தே. ஆனால், புது நாற்காலி வாங்கும் ஆசையில், தாழ்வாரத்தில் கிடக்கும் பழைய தேக்கு நாற்காலிகளைக் காயலான் கடைக்கு அனுப்புகிறவர்கள், சண்டிகர் நாற்காலிகளின் கதையைக் கேட்டுவிட்டு அனுப்பட்டும்.

1947-இல் நாடு பிரிந்தபோது லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டதால், இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகராக எழுப்பப்பட்டதே சண்டிகர். அதனைத் திட்டமிட்டவர் லெ கொர்புசியே என்னும் கட்டடக் கலைஞர். அவருடைய உறவினரான பியர் ழான்னரே 1951 முதல் 1965 வரை அங்கேயே தங்கிப் பணிகளைக் கவனித்தார். உயர்நீதிமன்றம், தலைமைச் செயலகம், பல்கலைக்கழகம் என எங்கும் நாற்காலிகள் ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்தன. நம் நாட்டுத் தச்சர்கள் எளிதில் செய்யும்படி அவற்றுக்கு வடிவம் கொடுத்தார்கள். கரையானுக்கு அஞ்சாத தேக்குச் சட்டம், கவிழ்த்த கவட்டை போன்ற கால்கள், வெயில் காலத்தில் முதுகு வேர்க்காமல் காற்றை விடும் பிரம்புப் பின்னல். சிலவற்றுக்குத் தோல் இருக்கை.

ஆண்டுகள் சென்றன. பிரம்பு அறுந்தது. பின்னித் தர ஆள் தேடுவதைவிடப் புதிது வாங்குவது அலுவலர்களுக்கு எளிதாகத் தோன்றியது. நாற்காலிகள் மொட்டை மாடிகளில் மழையில் நனைந்தன. பிறகு கழிவுப் பொருளாக ஏலத்திற்குப் போயின. வெளிநாட்டு வணிகர்கள் அள்ளிச் சென்று, தேக்கைத் துடைத்துப் பிரம்பை மாற்றி, ஒரு நாற்காலியைப் பல இலட்சம் ரூபாய்க்கு விற்றார்கள். இன்று அவை மேலை நாட்டுச் செல்வர்களின் உணவு மேசைகளைச் சுற்றி நிற்கின்றன. முதுகுச் சட்டத்தில் நம் குமாஸ்தாக்கள் பெயிண்டால் எழுதிய இருப்புக் குறியும் எண்ணும் இருந்தால் அங்கே மதிப்பு இன்னும் கூடுதலாம்! நூறாண்டு ஆகாத பொருள் என்பதால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் தடுக்கவில்லை. அவற்றை விற்கக் கூடாது என்று மத்திய உள்துறை உத்தரவிட்டது 2011-இல்தான்.

வாங்கியவர்களை நான் திட்டமாட்டேன். அமானிதமாகக் கையிலிருந்த பொதுச் சொத்தை எடைக்குப் போட்டவர்கள் நம்மவர்களே.

சண்டிகர் வரை போவானேன்? நான் ஓதிக்கொடுக்கும் மதரஸாவிலும் எட்டுப் பிரம்பு நாற்காலிகள் இருந்தன, யாரோ ஒரு புண்ணியவான் வக்ஃபு செய்தவை. இரண்டில் மட்டுமே பின்னல் அறுந்திருந்தது. எட்டையும் கொடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் வாங்கலாம் என்று ஆலோசனை நடந்தபோது நானும் அங்கே அமர்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

ஆண்டுதோறும் ரமளானுக்கு முன்பு பிரம்புக் கட்டோடு வரும் பார்வையற்ற பெரியவர் அந்த ஆண்டும் வந்தார். கண் பார்வையற்றோர் பலருக்கு நம் நாட்டில் கௌரவமான பிழைப்பளித்த தொழில் இது. ஊறவைத்த பிரம்பு நாரை நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு என ஆறு சுற்றாகத் துளைகளில் கோத்து இழுப்பார். எந்த இழை தளர்ந்திருக்கிறது என்பதை அவர் விரல் சொல்லும். அன்று பிளாஸ்டிக் நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு, “அஜ்ரத், நம்ம நாற்காலிங்க எங்கே?” என்றார். தேநீர் வரவழைத்துக் கொடுத்தேன். அதன்பின் அவர் எங்கள் தெருவுக்கு வரவில்லை.

உங்கள் வீட்டில் பிரம்பு நாற்காலி மிஞ்சியிருந்தால் இப்போதே போய்ப் பாருங்கள். பின்னல் அறுந்திருந்தால் பின்னத்தான் வேண்டும். வெறுமனே தொய்ந்திருந்தால் செலவே இல்லை. நாற்காலியைக் கவிழ்த்து, பளபளப்பில்லாத அடிப்பக்கத்தில் வெந்நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் போட்டுவையுங்கள். பிரம்பு ஊறியதும் துணியை எடுத்துவிட்டு நிழலில் ஓர் இரவு காயவிடுங்கள்; காயக் காயத் தானே இறுகிவிடும். அதுவரை யாரையும் அதில் உட்கார விடாதீர்கள். பல்பு மாட்ட அதன்மேல் ஏறி நிற்பது என்றைக்குமே வேண்டாம்.