எங்கள் பெயருக்கு ஒரு பூட்டு

இந்திய ரிசர்வ் வங்கியின் மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்களுக்கு,

இந்த மடலை உறையில் போட்டு ஒட்டித்தான் அனுப்பியிருக்க வேண்டும். ஒட்டி அனுப்பியவை என்ன ஆயின என்று பார்த்துவிட்டதால் பத்திரிகையில் எழுதுகிறேன். மனு போட வேண்டிய இடத்திலெல்லாம் போட்டாயிற்று. புகார் எண்கள் ஒரு நோட்டு நிறைய இருக்கின்றன. விதிகளை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லப் போவதில்லை, அவற்றை எழுதியதே உங்கள் அலுவலகம்தான். மும்பையில் எழுதிய விதி திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அதற்கு ஓர் ஆளின் கதை போதும்.

அந்த ஆள் என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா. தையல் கடை வைத்திருக்கிறாள். அவர்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டு அவளிடம்தான் இருக்கும். குழுக் கடனில் ஒரு தவணை தள்ளிப் போனது கிடையாது. யாராவது ஒருத்தியால் அந்த மாதம் கட்ட முடியாவிட்டால் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டிவிட்டு, மறுவாரம் அவள் வீட்டு வாசலில் போய் நின்று வாங்கி வந்துவிடுவாள். மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்தது. கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போனாள். மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு, "சிபில் அடிபட்டிருக்கேம்மா, லோன் எதுவும் கட்டாம விட்டுட்டீங்களா?" என்று கேட்டார்.

கடன் அறிக்கையை அச்செடுத்துப் பார்த்தோம். பெயர் தெரியாத ஒரு நிதி நிறுவனம் 7,500 ரூபாய் கடன் கொடுத்ததாகப் பதிவு. மாதவாரிக் கட்டங்களில் தவணை தவறிய நாட்கள் 30, 60, 90 என்று ஏறிக்கொண்டே போகின்றன. பெயர், பிறந்த தேதி, பான் எண் மூன்றும் அக்காவுடையவை. அவற்றின் கீழே ஒரு செல்போன் எண், அது அவளுடையது இல்லை. முகவரி வட இந்திய நகரம் ஒன்றில் இருக்கிறது, அவள் பழனியைத் தாண்டி எங்கும் குடியிருந்ததில்லை. ஒரு மின்னஞ்சலும் இருக்கிறது. ஐயா, அக்காவுக்கு மின்னஞ்சலே கிடையாது.

பெயர் ஒரு பக்கமும் முகவரி இன்னொரு பக்கமும் இழுத்துக்கொண்டு நிற்கும் விண்ணப்பம் அது. ஊர்ப்புறத்தில் வட்டிக்கு விடுகிறவர்கூட வீடு எங்கே, யார் மகள் என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார். உங்களிடம் பதிவு பெற்ற நிறுவனம் சில நிமிடங்களில் பணத்தை அனுப்பிவிட்டது. அந்த வேகத்தைத்தான் அவர்கள் விளம்பரமாகவும் போடுகிறார்கள்.

இனி நடந்ததைக் கேளுங்கள். நிறுவனத்துக்குப் போன் போட்டால் இந்தியில் ஆரம்பித்து எண்களை அழுத்தச் சொல்லும் குரல். கடைசியில் கிடைத்த பையன், முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) இருந்தால்தான் புகாரை எடுப்போம் என்றான். காவல் நிலையத்தில், ஏழாயிரம் ரூபாய்க்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்தார்கள். அதை அனுப்பினால், ரசீது செல்லாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்று மறுபடியும் அதே பாட்டு. பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது, என் முகவரிக்கு. அவள் உண்மையில் அவள்தானா என்று சரிபார்க்க வேண்டுமாம். பான் கார்டு நகல், ஆதார் நகல், இரண்டிலும் கையெழுத்து, அதோடு பான் கார்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடி ஒரு போட்டோ. கடன் கொடுக்கும்போது கேட்காத அத்தனையும், வாங்கவில்லை என்று சொல்லும்போது கேட்டார்கள். எந்தக் காகிதங்கள் வெளியே போனதால் இந்த வினை வந்ததோ, அதே காகிதங்களை இன்னொரு தடவை முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பினோம். வேறு வழி?

அறிக்கையைத் தயாரிக்கும் கடன் தகவல் நிறுவனத்திடமும் புகார் கொடுத்தோம். நீங்கள் உரிமம் கொடுத்த நான்கில் ஒன்று. அது அக்காவிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கடன் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டது, அவர்கள் "எங்கள் விவரம் சரி" என்றார்கள், புகார் முடிந்தது. உங்கள் முப்பது நாள் கெடு தாண்டவில்லை, ஆகவே தாமதத்துக்கு நீங்கள் வைத்த நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடும் கிடையாது. தப்பான பதிலைச் சீக்கிரமாகச் சொல்லிவிட்டால் காசு மிச்சம் என்பதை அவர்கள் நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். மற்ற மூன்று நிறுவனங்களிடம் தனித்தனியாக மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

யாராவது ஒருவருடைய கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் அவருக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும் என்று 2023-ல் உத்தரவு போட்டீர்கள். நல்ல உத்தரவு. அக்காவின் போனுக்கு அப்படி எதுவும் வரவில்லை. பதிவில் இருக்கும் எண் வேறொருவனுடையது என்றால் அந்த எச்சரிக்கை யாருக்குப் போகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வசூல் ஆட்களுக்கு மட்டும் அவளுடைய சரியான எண் எப்படியோ கிடைத்துவிட்டது. கடையில் ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கும்போது போன் வரும், எதிரே நிற்கும் வாடிக்கையாளர் காதில் விழும்படி. அதில் ஒருவன் தமிழில் தன்மையாகவே பேசினான்: "அக்கா, மூவாயிரம் கட்டிடுங்க, நான் முடிச்சு விட்டுடறேன்." வாங்காத கடனுக்குத் தள்ளுபடி! கட்டினால் வாங்கினேன் என்று ஒப்புக்கொண்டதாகும். அதற்கப்புறம் அறிக்கையில் "செட்டில்டு" என்று ஏறும், அதைப் பார்க்கிற வங்கியும் உதட்டைப் பிதுக்கும். அவள் கட்டவில்லை. கட்டிவிடுகிறவர்கள்தான் நிறைய இருப்பார்கள். அந்தக் கடன்களெல்லாம் உங்கள் புள்ளிவிவரத்தில் வசூலான கடன்களாக உட்கார்ந்திருக்கும்.

எங்கிருந்து போனது அவள் விவரம்? சிம் கடையா, கேஸ் ஏஜென்சியா, சான்றிதழுக்கு விண்ணப்பித்த பிரவுசிங் சென்டரா? யாரால் நிரூபிக்க முடியும்? 2024-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் டெலிகிராமில் கேட்டவர்க்கெல்லாம் கிடைத்தன. அடையாள அட்டை நகல், வரி விவரம், மருத்துவ அறிக்கை வரைக்கும். 3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் கையில் இருப்பதாகத் திருடியவன் சொல்லிக்கொண்டான். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அக்கா அந்த நிறுவனத்தில் பாலிசி எடுத்தவள் இல்லை. நான் சொல்ல வருவது, கசிவு இனி புதுச் செய்தி இல்லை என்பதுதான். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் இருக்கிறது, அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். விவரத்தைப் பறிகொடுத்தவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. சரி, அது உங்கள் துறை இல்லை, விடுகிறேன்.

உங்கள் துறைக்கு வருகிறேன். ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள், விழிப்பாக இருங்கள் என்று அமிதாப் பச்சனை வைத்தெல்லாம் எங்களுக்குப் புத்தி சொன்னீர்கள். அக்கா யாருக்கும் ஓ.டி.பி. சொல்லவில்லை. அவளிடம் யாரும் கேட்கவுமில்லை. அவளுக்குத் தெரியாமலே எல்லாம் முடிந்துவிட்ட இடத்தில் எதைப் பார்த்து விழிப்பாக இருக்கச் சொல்கிறீர்கள்?

2020 ஜனவரியில் உங்கள் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வங்கி அட்டையை வைத்திருப்பவரே அதைத் திறந்து மூடிக்கொள்ளும் வசதியைத் தர வேண்டும், புதிய அட்டைகள் இணையப் பயன்பாட்டுக்கு மூடியே வர வேண்டும், வேண்டுமென்கிறவர் திறந்துகொள்ளட்டும் என்றது. ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, இது என்னுடையதில்லை என்று சொல்லலாம். கடனுக்கு மட்டும், "நான் திறக்கும்வரை என் பெயரில் யாருக்கும் கடன் கொடுக்காதே" என்று பூட்டிவைக்கும் சட்ட உரிமை இந்த நாட்டில் இல்லை. ஏன் இல்லை?

அமெரிக்காவில் இருக்கிறது. அது வந்த கதையும் உங்களுக்குத் தெரியும். 2017-ல் ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனம் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரத்தைக் கோட்டைவிட்டது. மென்பொருளில் ஓட்டை இருக்கிறது என்று மார்ச்சிலேயே எச்சரிக்கை வந்தும் அடைக்கவில்லை. ஜூலை இறுதியில் திருட்டைக் கண்டுபிடித்தவர்கள் செப்டம்பரில்தான் வெளியே சொன்னார்கள். தலைமை அதிகாரி அந்த மாதமே பதவி விலகினார். அதுவரை பல மாநிலங்களில் கடன் அறிக்கையைப் பூட்டவும் திறக்கவும் காசு கட்ட வேண்டியிருந்தது. மக்கள் கொந்தளித்தார்கள். 2018 செப்டம்பர் 21 முதல் நாடு முழுவதும் அது இலவச உரிமையானது. அதே ஈக்விஃபாக்ஸ் உங்கள் உரிமத்தோடு இங்கேயும் கடை விரித்திருக்கிறது. அங்கே குடிமகன் கேட்டால் பூட்டித்தான் ஆக வேண்டும். இங்கே?

பூட்டு கொடுத்தால் கடன் வளர்ச்சி குறையும் என்று நிதி நிறுவனத்தார் உங்களிடம் வந்து சொல்வார்கள். பழைய பாக்கியை மறைக்க நாங்கள் பூட்டு கேட்கவில்லை, புதுக் கடனுக்குத்தான் கேட்கிறோம். நிஜமாகக் கடன் வேண்டியவர் போனில் திறந்துவிட்டுப் போகிறார். அந்த இரண்டு நிமிடத்தைத் தாங்க முடியாத வியாபாரம் என்ன வியாபாரம்?

2023 ஜூனில் நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அபராதம் போட்டீர்கள். நான்கும் சேர்த்து ஒரு கோடி ரூபாய் சொச்சம். ஒவ்வொன்றுக்கும் 25 லட்சத்தை ஒட்டி. நாட்டின் அத்தனை கடன்காரர்களின் மானத்தையும் கையில் வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு தண்டனையா, சந்தாவா? கடன் வரலாறு சரியில்லை என்று பொதுத்துறை வங்கி ஒன்று ஒருவரின் வேலை நியமனத்தை ரத்து செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் செல்லும் என்றது. அந்த வழக்கில் கடன் அவருடையதாகவே இருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளையின் படிப்பையும் ஒருவரின் வேலையையும் தீர்மானிக்கிற காகிதம் அது என்று ஆகிவிட்டது. அதில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்க மட்டும் எழுதியவனின் சம்மதம் வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

மகளின் முதல் பருவக் கட்டணத்தை அக்கா நகையை அடகு வைத்துக் கட்டினாள். அந்த நகைக் கடன் சரியான பெயரில், சரியான முகவரியில், சரியான செல்போன் எண்ணோடு அறிக்கையில் ஏறிவிட்டது. அதன் மேல் வரியில் வட இந்திய முகவரிக்காரியும் அப்படியே இருக்கிறாள். ஒரே பான் எண்ணில் இரண்டு பெண்கள் இரண்டு மூலையில் குடியிருப்பது உங்கள் நான்கு நிறுவனங்களில் எதன் கண்ணிலும் படவில்லை.

இனி அக்காவுக்காகக் குழு அமைக்காதீர்கள், விழிப்புணர்வு வாரம் கொண்டாடாதீர்கள். அட்டைக்கு ஒரு சுற்றறிக்கையில் கொடுத்ததைப் பெயருக்கும் ஒரு சுற்றறிக்கையில் கொடுங்கள். கடன் வாங்கியது இவள்தான் என்று நிரூபிக்கும் வேலையைக் கடன் கொடுத்தவனிடம் விடுங்கள், நிரூபிக்கும்வரை அந்த வரியை அறிக்கையிலிருந்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த பருவக் கட்டணத்துக்கு நாள் நெருங்குகிறது, அவளிடம் அடகு வைக்க வேறு நகை இல்லை.

இப்படிக்கு,
ஒரு தையற்காரியின் தம்பி