ஆல்ப்ஸ்ல சைக்கிள் ஓட்டணுமா? போங்க, ஆனா லோன் வேண்டாம்

வண்டித் தொந்தரவே இல்லாம ஆல்ப்ஸ் மலையில சைக்கிள் ஓட்டுற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்ல தொடங்கி இத்தாலியின் கிராடோ கடற்கரை வரை போகும் ஆல்பே அட்ரியா பாதை சுமார் 410 கி.மீ. இத்தாலியில ஒரு பகுதி, கைவிடப்பட்ட ரயில் பாதை மேலயே போட்டது. அதனால செங்குத்தான ஏற்றம் கிடையாது. தார்விசியோவில் இருந்து கடலை நோக்கி ஓட்டினா பெரும்பாலும் இறக்கம்தான்.

ஆசை தப்பில்ல. அதுக்குப் பர்சனல் லோன் எடுக்கிறதுதான் தப்பு. மொத்தச் செலவு 2,40,000 ரூபாய்னு வச்சுக்குங்க. 14% வட்டி, 24 மாச லோன்னா இஎம்ஐ சுமார் 11,520 ரூபாய். வட்டி மட்டுமே கிட்டத்தட்ட 36,500! அதே 24 மாசம், மாசம் 10,000 ரூபாய் ஆர்டி போட்டா வட்டி உங்களுக்கு வரும். ஈக்விட்டி ஃபண்ட் வேண்டாம். கிளம்புற நேரத்துல மார்க்கெட் விழுந்தா பிளானும் விழும்.

டூர் பேக்கேஜ் வாங்கினா பிடிக்கிற டிசிஎஸ் தொகையையும் கையில வச்சுக்குங்க. அது செலவு இல்ல, ஐடி ரிட்டர்ன்ல கிளைம் பண்ணிடலாம்.

மலை எங்கேயும் ஓடிடாது. ரெண்டு வருஷம் கழிச்சு, கடன் இல்லாம போய் ஓட்டுங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க? கமெண்ட்ல சொல்லுங்க.