எழுதப்படாத தெருக்கள்

இணையத்தில் 'கன்னியாகுமரியில் ஒரு நாள்' என்று தேடிப் பாருங்கள். சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர், 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம், அஸ்தமனம், பெரும்பாலும் அவ்வளவுதான். சுற்றுலாப் பேருந்தை வெறுத்துத் தனியே திட்டமிடுகிறவரும் இதே பட்டியலைத்தான் கையில் கொண்டு வருகிறார். வண்டி மாறியிருக்கிறது, தடம் மாறவில்லை.

சுசீந்திரம் வருகிறவர்க்கு இசைத்தூண்களையும் அனுமனையும் காட்டுகிறோம். அக்கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாகிரகம் நடந்ததையும், கோயிலுக்குள் நுழைய 1936ஆம் ஆண்டின் பிரகடனம் வரை மக்கள் காத்திருந்ததையும் யார் சொல்வது? சிதறால் மலையின் சமணச் சிற்பங்களுக்கு வழி கேட்பவர் எத்தனை பேர்? பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதுகூடத் தெரியாமல் பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு.

வெளியூர்க்காரரை நாம் நோகவேண்டியதில்லை. அவர் தேடுகிறார், கிடைத்ததை நம்புகிறார். குற்றம் நம்முடையது. தமிழ் படித்த நாம் மேடைதோறும் நாஞ்சில் நாட்டுப் பெருமை பேசுகிறோம். பேருந்துத் தடமும் நடைதூரமும் வரலாறும் சேர்த்து ஒரு பக்கம் எழுதச் சொன்னால் கூச்சப்படுகிறோம், அது இலக்கியமில்லையாம்!

ஊர்க்காரன் எழுதாத ஊரைத் தரகன்தான் எழுதுவான். பிறகு புலம்பிப் பயனில்லை.