டிம் பண்ணினாலும் அணையாத வெளிச்சம்: மேலதிக விளக்குகளும் வன்னியின் இரவு வீதிகளும்

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு செல்லும் ஏ-34 வீதியில் இரவு எட்டு மணிக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் போனவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரியும். நீங்கள் டிம் பண்ணுவீர்கள். எதிரே வருபவரும் டிம் பண்ணுவார். அவருடைய ஹெட்லைற் இறங்கியதும் தெரியும். ஆனால் கூரையிலோ பம்பரிலோ பூட்டியிருக்கும் எல்.ஈ.டி. பட்டை மட்டும் அப்படியே எரிந்துகொண்டிருக்கும். இரண்டு மூன்று விநாடிகளுக்கு வீதியும் தெரியாது, வீதியோரமும் தெரியாது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் மூன்று விநாடி என்பது 50 மீற்றர். அந்த 50 மீற்றருக்குள் ஒரு கட்டாக்காலி மாடு படுத்திருந்தால், பின்விளக்கு இல்லாத லான்ட்மாஸ்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தால், மறுநாள் பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வரும். வெளிச்சம் அடித்த வாகனம் அந்தச் செய்தியில் இருக்காது. அது நிற்காமல் போயிருக்கும்.

2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' வேலைத்திட்டம் தொடங்கிய கையோடு, பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டப்பட்டிருந்த மேலதிக உதிரிப்பாகங்களைப் பொலிஸார் கழற்றத் தொடங்கியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தனியார் பஸ் சங்கங்கள் எதிர்த்தன, பேச்சுவார்த்தைகள் நடந்தன, கால அவகாசம் பற்றிப் பேசப்பட்டது. அதே ஆண்டின் நடுப்பகுதியில் மேலதிக விளக்குகள், அதிக சத்தமுள்ள ஹோர்ன்கள், மாற்றியமைக்கப்பட்ட சைலன்சர்கள் மீது மீண்டும் கவனம் திரும்பியது. தெற்கில் இந்த விவாதம் பெரும்பாலும் பஸ்களின் அலங்கார விளக்குகளைச் சுற்றியே நடந்தது. வடக்கில் விடயம் வேறு. இங்கே மேலதிக விளக்கு பூட்டுபவர்களில் அழகுக்காகப் பூட்டும் இளைஞர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் அதிகாலையில் மீன் ஏற்றும் கெப், மரக்கறி ஏற்றும் பட்டா, வயலுக்கு உரம் கொண்டுபோகும் டபிள் கெப் ஆகியவற்றின் சாரதிகள் பூட்டுவது வீதி தெரியாத காரணத்தால்.

ஏன் தெரியவில்லை என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பின்னரும் புதிய கெப் ஒன்றின் விலை வன்னியில் ஒரு சிறு வியாபாரி நினைத்துப் பார்க்கக்கூடியதல்ல. ஆகவே இருபது, முப்பது வருட வாகனங்களே இன்னும் ஓடுகின்றன. அவற்றின் ஹெட்லைற் கண்ணாடி மஞ்சளித்துவிட்டது. உள்ளே இருக்கும் பளபளப்புப் பூச்சு மங்கிவிட்டது. அதைவிட முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. பழைய வயர்களிலும் துருப்பிடித்த இணைப்புகளிலும் மின்னழுத்தம் குறைந்துபோகிறது. ஹலஜன் பல்புக்குப் போகும் வோல்ற்றளவு பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது வீதம் குறையும். அதாவது, பலர் விளக்குப் போதவில்லை என்று கடைக்குப் போகும்போது உண்மையில் போதாமலிருப்பது வயர். இருக்கிற ஹெட்லைற்றுக்குப் பற்றரியிலிருந்து நேராகத் தடித்த வயரும் ஒரு ரிலேயும் கொடுத்து, கண்ணாடியை மினுக்கி, விளக்கின் சாய்வைச் சரிசெய்தால் பாதிப்பேருக்கு மேலதிக விளக்கே தேவைப்படாது. ஆனால் கடையில் கண்ணுக்கு முன்னால் தொங்குவது எல்.ஈ.டி. பட்டை.

ஹலஜன் பல்பைக் கழற்றிவிட்டு அதே குழிக்குள் மலிவான எல்.ஈ.டி. பல்பைச் செருகுவதும் இன்னொரு வினை. அந்தக் கண்ணாடிக் குழி, ஒரு மெல்லிய இழை குறிப்பிட்ட ஓரிடத்தில் எரியும் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டது. வெளிச்சம் பிறக்கும் இடம் மாறினால் டிம் போட்டாலும் ஒளி மேலே சிதறும். ஓட்டுபவருக்கு முன்னால் வெள்ளையாக இருக்கும். எதிரே வருபவருக்குக் கண் கூசும்.

என்னுடைய மாமா ஒருவர் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வவுனியாவுக்கு மீன் ஏற்றுபவர். அவருடைய வண்டி 90களில் யப்பானில் செய்யப்பட்ட ஹைலக்ஸ். சென்ற வருடம் பம்பரில் இரண்டு 55 வாற் விளக்குகள் பூட்டினார். வேலை நடந்த அன்று நானும் கூட நின்றேன். முதலில் செய்த வயரிங் மிக எளிமையானது. பற்றரியிலிருந்து ஒரு வயர், டாஷ்போட்டில் வெறுமையாக இருந்த சுவிட்ச் குழிக்குள் அழகாகப் பொருந்தும் ஓர் அமுக்குச் சுவிட்ச், அங்கிருந்து விளக்கு. விளக்குப் படம் போட்ட சுவிட்ச் நீலமாக மின்னியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கணக்குப் பார்த்தால் அது நன்றாக இல்லை. இரண்டு விளக்கும் சேர்ந்து 110 வாற். 12 வோல்ற்றில் ஒன்பது அம்பியருக்கு மேல். அந்த மின்னோட்டம் முழுவதும் விரல் நுனியளவு சுவிட்ச் ஒன்றுக்குள்ளாகப் போகிறது. இத்தகைய சிறு சுவிட்ச்கள் பல அதற்காகச் செய்யப்பட்டவையல்ல, சூடேறும், உருகும். என்ஜினுக்கும் டாஷ்போட்டுக்கும் இடையிலுள்ள தகட்டில் துளைபோட்டு, இறப்பர் வளையம் போடாமல் வயரை இழுத்தால், குண்டுங்குழியுமான வீதியில் சில மாதங்களில் தகட்டின் விளிம்பு வயரின் தோலை வெட்டும். பற்றரிக்குப் பக்கத்தில் பியூஸ் இல்லாவிட்டால் அடுத்தது நெருப்பு. 'மின்னொழுக்கினால் வாகனம் தீக்கிரை' என்று நாங்கள் வாசிக்கும் செய்திகளில் எத்தனை இப்படித் தொடங்கியிருக்கும் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

முறையான வயரிங்கில் சுவிட்ச் விளக்கைச் சுமப்பதில்லை. அது ரிலேக்குக் கட்டளை மட்டும் கொடுக்கிறது. பெரிய மின்னோட்டம் பற்றரி, 15 அம்பியர் பியூஸ், ரிலே, விளக்கு என்று என்ஜின் பக்கத்திலேயே முடிந்துவிடும். உள்ளே வருவது ஓர் அம்பியரில் சிறு பங்கு. பியூஸ் பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். இவ்வளவும் வாகனத்தின் பாதுகாப்பு.

எதிரே வருபவரின் பாதுகாப்பு அந்தச் சுவிட்சுக்கு மின் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. பற்றரியிலிருந்து நேராக வந்தால், ஹெட்லைற்றை டிம் பண்ணுவது ஒரு வேலை, மேலதிக விளக்கை அணைப்பது இன்னொரு வேலை. வளைவில், மழையில், கை கியரில் இருக்கும்போது இரண்டாவது வேலை நடக்காது. நித்திரைக் கண்ணோடு அதிகாலை மூன்று மணிக்கு வரும் சாரதியிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. அந்த மின்னை ஹெட்லைற்றின் பிரைற் வயரிலிருந்து எடுத்தால் கதை மாறும். பிரைற் போட்டால்தான் மேலதிக விளக்கு எரியும். டிம் பண்ணிய கணமே ஹெட்லைற்றோடு சேர்ந்து அணையும். சுவிட்ச் அனுமதி மட்டும் கொடுக்கும். டிம் பண்ணினால் பிரைற் விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணையவேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் 48ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதியிலும் இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

மாமாவின் வண்டியில் இதைச் செய்யப் போனபோதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. பிரைற் வயரில் ரிலேயைக் கொழுவியதும் எல்லாம் தலைகீழாக நடந்தது. டிம் போட்டால் மேலதிக விளக்கு எரிந்தது, பிரைற் போட்டால் அணைந்தது. வயரிங் செய்தவர் தலையைச் சொறிந்துவிட்டு, பேசாமல் பற்றரியிலிருந்து நேராகவே கொடுப்போம் என்றார். காரணம் எளிது. பழைய ரொயோட்டா வாகனங்கள் பலவற்றில் ஹெட்லைற்றுக்குப் பொசிற்றிவ் பொதுவாக வந்துவிடும். டிம்முக்கும் பிரைற்றுக்கும் மாற்றப்படுவது நெகற்றிவ் பக்கம். டிம்மில் இருக்கும்போது பிரைற் வயரில், பல்பின் இழை வழியாகப் பொசிற்றிவ் வந்து நிற்கும். அதைப் பார்த்து ரிலே ஏமாந்துவிடும். ரிலேயின் சுருளை ஹெட்லைற்றின் பொதுப் பொசிற்றிவ்வுக்கும் பிரைற் வயருக்கும் இடையில் கொடுத்து, சுவிட்சையும் அந்தப் பாதையிலேயே வைத்தால் முடிந்தது. பத்து நிமிட வேலை. இது தெரியாததாலேயே எத்தனையோ வாகனங்கள் நேர் இணைப்போடு வீதியில் நிற்கின்றன என்று நினைக்கிறேன். வயரிங் செய்பவர்களைக் குற்றம் சொல்வதிலும் நியாயமில்லை. அவர்களில் பலர் இடம்பெயர்ந்த காலத்தில் பார்த்துப் பழகித் தொழில் கற்றவர்கள். உட்கார்ந்து படிக்க அவர்களுக்குக் கிடைத்த காலம் அது அல்ல.

வெளிச்சத்தோடு எங்கள் சனத்துக்கு இருக்கும் உறவும் தனியானது. போர்க்காலத்தில் ஹெட்லைற் கண்ணாடிக்குக் கறுப்பு மை பூசி, நடுவில் ஒரு கீற்று மட்டும் விட்டு ஓட்டியதை மாமா இன்றும் சொல்வார். வானில் சத்தம் கேட்டால் அந்தக் கீற்றும் அணையும். பின்னர் வேறொரு காலம் வந்தது. இரவில் படலைக்கு முன்னால் வாகனம் ஒன்றின் வெளிச்சம் வந்து நின்றால் வீட்டுக்குள் யாரும் மூச்சுவிடாத காலம். வெள்ளை வான் என்ற சொல்லை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இன்று ஆடைத்தொழிற்சாலையில் வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும் ஒரு பெண்ணுக்குப் பின்னால், கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தோடு ஒரு கெப் மெதுவாக வந்தால், உள்ளே இருப்பது மீன் வியாபாரியா வேறு யாருமா என்று அவருக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தாலும் தெரியாது. போரில் ஒரு கண்ணை இழந்தவர்கள், சிதறல் பட்டுப் பார்வை குறைந்தவர்கள், வெண்புரை வளர்ந்தும் சத்திரசிகிச்சைக்குப் போகாத முதியவர்கள் நடந்து திரியும் வீதிகள் இவை. மேலதிக விளக்கு பூட்டுபவர்களுக்கு நியாயம் இருக்கிறது என்று எழுதும்போது இதையும் எழுதாமல் விடமுடியாது.

ஆகவே 'எல்லாவற்றையும் கழற்று' என்ற அணுகுமுறை எனக்கு உடன்பாடானதல்ல. 'எங்கள் வீதி இருட்டு, விட்டுவிடுங்கள்' என்பதும் உடன்பாடானதல்ல. கூரையில் பூட்டும் பட்டை பொதுவீதிக்குரியதல்ல. காட்டுப் பாதைக்கும் வயலுக்கும் வேண்டுமென்றால் வீதியில் மூடி போட்டிருக்கட்டும். முன்பக்கம் சிவப்பு, நீல மின்னொளிகளுக்கு எந்த நியாயமும் கிடையாது. பம்பரில் தாழப் பூட்டிய இரண்டு விளக்குகளைப் பொறுத்தவரை ஒரு நிமிடச் சோதனை போதும். பிரைற் போடச் சொல்லுங்கள், மேலதிக விளக்கைப் போடச் சொல்லுங்கள், டிம் பண்ணச் சொல்லுங்கள். எல்லாம் சேர்ந்து அணைந்தால் போக விடலாம். அணையாவிட்டால் தண்டம். இதற்குக் கருவியும் தேவையில்லை, நிபுணரும் தேவையில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. இத்தகைய ஒரு தெளிவான விதியை எழுதி மூன்று மொழிகளிலும் வெளியிடுவது கடினமான காரியமல்ல. ஒவ்வொரு வருடமும் வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். அதே இடத்தில் ஒரு சுவரில் கோடு கீறி ஹெட்லைற் சாய்வையும் பார்த்தால் என்ன?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டவர்கள் வீதி விளக்குப் பற்றிப் பேசாத கூட்டம் அரிது. இப்போது சபைகள் இயங்குகின்றன. கட்டாக்காலி மாடுகளைப் பிடிப்பது, சந்திகளிலும் பாடசாலை முன்றல்களிலும் விளக்குப் போடுவது ஆகிய இரண்டும் பிரதேச சபைகளின் கைக்கெட்டிய வேலைகள். நெடுங்கேணிப் பக்கம் யானை கடக்கும் இடங்களில் எச்சரிக்கைப் பலகை வைப்பதற்கும் பெரிய நிதி தேவையில்லை. யானையைக் கண்டதும் எல்லா விளக்கையும் போட்டு அதை மிரட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதை அந்தப் பகுதி மக்கள் நன்கறிவர். வெளியிலிருந்து வரும் சாரதிகளுக்குத்தான் அது தெரிவதில்லை. இரவிரவாக மணல் ஏற்றிப் பறக்கும் டிப்பர்கள் எத்தனை விளக்கோடு போகின்றன, அவற்றில் எத்தனை மறிக்கப்படுகின்றன என்ற கேள்வியும் சனத்திடம் இருக்கிறது. அதற்குப் பதில் வராதவரை, மீன் கெப்பை மட்டும் மறிப்பதைச் சட்ட அமுலாக்கம் என்று எவரும் நம்பப்போவதில்லை.

மாமாவின் விளக்குகள் சரியான முறையில் பூட்டப்பட்டு மூன்று வாரம் எரிந்தன. பிறகு ஒருநாள் வழியில் மறித்தார்கள். டிம் பண்ணினால் அணைகிறது என்று அவர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கி, போட்டும் காட்டியிருக்கிறார். எரிவதா அணைவதா என்பதல்ல, பூட்டியிருப்பதே பிழை என்று சொல்லித் தண்டச்சீட்டு எழுதினார்கள். சீட்டில் இருந்ததை வாசிக்க என்னிடம் கொண்டுவந்தார். எனக்கும் அந்தக் கையெழுத்து முழுவதும் விளங்கவில்லை.

இப்போது விளக்கு இரண்டையும் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறார். வயரும் ரிலேயும் சுவிட்சும் அப்படியே இருக்கின்றன. போன கிழமை அவரோடு வவுனியாவுக்குப் போனேன். ஒட்டுசுட்டான் தாண்டி, நெல் மூட்டை ஏற்றிய லான்ட்மாஸ்டர் ஒன்று பின்விளக்கு இல்லாமல் போய்க்கொண்டிருந்ததை இருபது மீற்றரில்தான் கண்டோம். பிரேக்கை மிதித்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பிள்ளை, நீ அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வா, நான் இந்தப் பக்கம் பார்க்கிறன்" என்றார்.